பைன் மரத்தூளில் சிப்பிக்காளான்: பிசின் ஆறும் வரை காத்திருந்து பயிர் எடுக்கும் முழுமையான வழிகாட்டி

ஏற்றுமதிக்குப் பெட்டி அடிக்கும் பட்டறைகளில் பைன் மரத்தூள் சாக்குச் சாக்காகக் கிடைக்கும். பெரும்பாலும் அது அடுப்புக்குத்தான் போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதில் இரண்டு சாக்கு வாங்கிவந்து, வைக்கோலுக்குச் செய்வதைப் போலவே அவித்து, சிப்பிக்காளான் வித்திட்டேன். காளான் இழை ஏற்றிய சோள மணிகள்தான் வித்து. ஒவ்வொரு சோள மணியைச் சுற்றியும் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெள்ளை இழை படர்ந்தது, அதோடு நின்றுவிட்டது. இருபது நாள் கழித்துப் பார்த்தாலும் அதே விரற்கடைதான். பையைக் கிழித்து முகர்ந்தபோது பெயின்ட் கடைக்குள் நுழைந்ததுபோல டர்பன்டைன் வாசனை அடித்தது. என் பயிரை நிறுத்தியது அந்த வாசனைதான்.

அந்த வாசனையை மரத்திலிருந்து எப்படி வெளியேற்றுவது என்பதில்தான் இந்த வழிகாட்டி அதிக நேரம் நிற்கும். மற்ற வேலைகள் காளான் வளர்த்தவர்களுக்குப் பழகியவையே. புதிதாகத் தொடங்குபவர்களுக்காக அவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

மென்மரம் என்பது எது

நம் ஊரில் மென்மரம் என்றதும் முருங்கை, கல்யாண முருங்கை, இலவு என்றுதான் மனம் போகும். தாவரவியல் கணக்கில் இவை மூன்றும் வன்மரங்கள். பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரங்கள் எல்லாம் வன்மரம். பைன், சைப்ரஸ், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம். கட்டையின் கடினத்துக்கும் இந்தப் பெயருக்கும் நேரான தொடர்பு இல்லை. காளான் வளர்ப்பவருக்கு இந்தப் பிரிவு மிகவும் முக்கியம். இலவு, முருங்கை, மா ஆகியவற்றின் தூளில் காளான் தடையில்லாமல் ஓடும். பைனில் அப்படி ஓடாது.

காரணம் இரண்டு. முதலாவது பிசின். மரம் தன் காயத்தை மூடவும், பூச்சியையும் பூசணத்தையும் விரட்டவும் சுரக்கும் மருந்து அது. டர்பன்டைன் இந்தப் பிசினிலிருந்து வடிப்பதுதான். இரண்டாவது லிக்னின். மரநாரை இறுக்கிப் பிடித்திருக்கும் இந்தப் பொருள், ஊசியிலை மரங்களில் இன்னும் இறுக்கமான அமைப்பில் இருக்கிறது. ஊசியிலைக் காடுகளில் விழுந்த மரங்களை மட்கச் செய்பவை பெரும்பாலும் லிக்னினை ஒதுக்கிவிட்டு மரநாரை மட்டும் தின்னும் பழுப்பு அழுகல் பூசணங்கள். சிப்பிக்காளான் லிக்னினையும் சேர்த்துத் தின்னும் வெள்ளை அழுகல் இனம். ஆகவே நாம் எடுத்துவிட வேண்டிய பெரிய தடை பிசின்தான்.

இது புதிய முயற்சியும் அல்ல. ஜப்பானில் எனோகி காளானைப் பல காலமாகச் சுகி என்ற ஊசியிலை மரத்தின் தூளில் வளர்க்கிறார்கள். தூளை வெட்டவெளியில் மலைபோல் குவித்து, மாதக்கணக்கில் தண்ணீர் தெளித்துப் பழுக்கவைத்த பிறகே பாட்டிலில் நிரப்புகிறார்கள். சீனாவில் மருந்துக்கும் உணவுக்கும் பயன்படும் ஃபூலிங் என்ற பூசணக் கிழங்கைப் பைன் கட்டைகளைப் புதைத்தே விளைவிக்கிறார்கள்.

எந்தக் காளான்

சந்தேகமே வேண்டாம், சாம்பல் நிறச் சிப்பிக்காளான். நம் வித்துக்கூடங்களில் 'சாஜர் காஜு' என்ற பெயரில் கிடைக்கிறதே, அதுதான். 1970களில் ஜண்டைக் என்ற ஆய்வாளர் இமயமலை அடிவாரத்தில், கள்ளி இனத்துச் செடி ஒன்றின் மேல் காட்டுக் காளானாக முளைத்திருந்ததை எடுத்து வளர்ப்புக்குக் கொண்டுவந்தார். அந்தப் பெயரில் உலகம் முழுக்கப் பயிராகும் காளான் உண்மையில் புளூரோட்டஸ் பல்மொனேரியஸ் என்ற இனம் என்று வகைப்பாட்டியலாளர்கள் பின்னர் கண்டறிந்தனர். அதே இனம் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஊசியிலை மரங்களின் மேல் தானாகவே முளைக்கிறது. நமக்கு எளிதில் கிடைக்கும் வித்தே பைனுக்கும் ஏற்ற வித்து என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

பால் காளானையும் மொட்டுக் காளானையும் இதில் முயல வேண்டாம். அவற்றின் தேவையே வேறு.

தூள் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பட்டறையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "பைன் மட்டும் அறுத்த தூளா, பிளைவுட்டும் கலந்ததா?" பிளைவுட்டிலும் துகள் பலகையிலும் ஃபார்மால்டிஹைடு கலந்த பசை இருக்கிறது. அந்தத் தூள் உணவுப் பயிருக்கு ஆகாது.

பழைய பெட்டிகளையும் மரத் தட்டுகளையும் உடைத்து அறுக்கும் இடமாக இருந்தால் பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். பன்னாட்டுச் சரக்குப் பெட்டிகளில் கோதுமைக் கதிர் படத்துடன் ஆங்கில எழுத்துகள் இருக்கும். எச், டி என்ற எழுத்துகள் இருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் ஏறும்படி சூடாக்கியது, அது பாதகமில்லை. எம், பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை ஒதுக்கிவிடுங்கள். கரையான் மருந்து ஏற்றிய, பச்சை சாயல் தெரியும் மரமும் வேண்டாம். காளான் தான் வளரும் இடத்திலுள்ள உலோகங்களை உறிஞ்சித் தன்னுள் சேர்த்துக்கொள்ளும்.

பைன் சரி. தேவதாருவும் சைப்ரஸும் வேண்டாம். அவற்றின் எண்ணெய் பூசணத்தை இன்னும் கடுமையாகத் தடுக்கும். அதனால்தான் அந்த மரங்கள் எளிதில் உளுப்பதில்லை.

மாவு போன்ற மெல்லிய தூள் மட்டும் இருந்தால் பைக்குள் களிபோல் இறுகிக் காற்றை அடைத்துவிடும். மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு இழைப்புளிச் சீவல் கலந்து வாங்குங்கள்.

ஆறப்போடுதல்

இதுதான் முழு வேலையின் உயிர். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எந்தத் திறமையும் உதவாது.

சற்றே சரிவான சிமென்ட் தரையில் தூளை இடுப்பளவு உயரத்துக்குக் குவியுங்கள். மண்தரையில் குவித்தால் கரையான் ஏறிவிடும். முதல் நாள் குழாயைப் பிடித்து, அடியிலிருந்து நீர் வடியும் வரை நனையுங்கள். எளிதில் நனையாது. காய்ந்த பைன் தூள் தண்ணீரை உருட்டிவிடும். கிளறிக்கிளறி நனைக்க வேண்டும். வடியும் நீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். அது கிணற்றுக்கோ மீன் குட்டைக்கோ போகாமல் தென்னை மூட்டுப் பக்கம்கூட விடாமல் வெறும் தரைக்குத் திருப்பிவிடுங்கள். புளிப்பும் பிசினும் கலந்த அந்த நீர் மீனைக் கொல்லும்.

பிறகு வாரம் ஒருமுறை நனைப்பு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டல். புரட்டும்போது வெளிப்பக்கத் தூள் உள்ளே போக வேண்டும், உள்பக்கத் தூள் வெளியே வர வேண்டும். குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிட்டதற்கு அதுவே அடையாளம். மழை பெய்தால் மூடாதீர்கள். மழைதான் இலவசக் கூலியாள். வடகிழக்குப் பருவமழையில் குவித்த தூள் மூன்று மாதத்தில் பக்குவமாகும். கோடையில் தொடங்கினால் ஐந்தாறு மாதம் ஆகலாம்.

பக்குவம் வந்ததா என்று பார்க்க நான் செய்வது இது. குவியலின் நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து எவர்சில்வர் டம்ளரில் போட்டு, கொதிநீர் ஊற்றித் தட்டால் மூடுகிறேன். ஐந்து நிமிடம் கழித்துத் தட்டை விலக்கி, முகத்தை அருகில் கொண்டுபோய் முகர்கிறேன். புதுத் தூளாக இருந்தால் மூக்கில் ஏறும் டர்பன்டைன் நெடியும், நீரின் மேல் வானவில் மினுக்கும் எண்ணெய்ப் படலமும் தெரியும். முதல் மாதத்தில் நெடி குறையும், படலம் போகாது. மூன்றாம் மாதத்தில் படலம் இருக்காது; ஈர மண்ணும் பழைய மரப்பெட்டியும் கலந்த ஒரு மணம் வரும். மரத்தின் வெளிர் மஞ்சளும் மாறிப் பழுப்பாகியிருக்கும். அதன் பிறகும் முழுக் குவியலையும் நம்பி இறங்குவதில்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் அவித்து, வித்திட்டு, பத்து நாள் வைத்துப் பார்க்கிறேன். வெள்ளை தொய்வில்லாமல் பாட்டிலின் பாதியைத் தாண்டினால் குவியல் தயார்.

காத்திருக்க முடியாதவர்களுக்குக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. தூளைக் கொதிநீரில் ஒரு மணி நேரம் வேகவைத்து, நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஒருமுறை வேகவைத்துப் பிழிந்து, பாதிக்குப் பாதி நறுக்கிய வைக்கோல் கலக்கலாம். காளான் வரும். விறகுச் செலவையும் குறையும் விளைச்சலையும் பார்க்கும்போது எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

கலவை

பைன் தூளில் தழைச்சத்து மிகக் குறைவு. அரிசித் தவிடு சேர்க்க வேண்டும். பைன் புளிப்பும் கூட. அதை முறிக்கச் சுண்ணாம்புத்தூள் வேண்டும். காய்ந்த நிலையில் 10 கிலோ கலவைக்கு என் கணக்கு:

பக்குவமான பைன் தூள் 8 கிலோ
எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு 1.8 கிலோ
சுண்ணாம்புத்தூள் (கால்சியம் கார்பனேட்) 200 கிராம்

தூள் நன்றாகக் காய்ந்திருந்தால் இதற்குச் சுமார் 14 லிட்டர் நீர் பிடிக்கும். குவியலிலிருந்து எடுத்த ஈரத் தூளாக இருந்தால் கணக்கை மறந்து கையை நம்புங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் எட்டிப்பார்க்க வேண்டும். தாரையாக ஒழுகினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென உதிர்ந்தால் குறைவு. பி.எச். தாளால் புளிப்புத்தன்மை பார்ப்பவர்கள் பி.எச். அளவு 6 முதல் 6.5 வரை வருமாறு சுண்ணாம்பைக் கூட்டிக் குறைக்கலாம்.

தவிட்டை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். ஆசைப்பட்டுக் கூட்டிய தவிடு முதலில் பச்சைப் பூசணத்துக்குத்தான் விருந்தாகும். கலந்த தூளை அன்றே அவித்துவிட வேண்டும். இரவு தங்கினால் புளித்துப்போகும்.

அவித்தல்

தவிடு சேர்த்த மரத்தூளுக்கு வைக்கோலைப் போல வெந்நீரில் ஊறவைப்பது போதாது. வெப்பம் தாங்கும் பாலிப்ரொப்பிலீன் பைகளில், பைக்கு ஒரு கிலோ ஈரக் கலவை நிரப்பித் தட்டி இறுக்குங்கள். வாயில் ஒன்றரை அங்குல பி.வி.சி. வளையம் மாட்டிப் பஞ்சால் அடைத்து, மேலே தாள் கட்டுங்கள்.

வீட்டுப் பெரிய பிரஷர் குக்கரில் அடியில் தட்டு வைத்து, நீர் தாராளமாக ஊற்றி, விசில் வந்ததும் தீயைத் தணித்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். நடுவில் நீர் வற்றிவிடாமல் தீயை மிகக் குறைவாக வையுங்கள். தானாக ஆறும் வரை மூடியைத் தொடக் கூடாது. குக்கர் இல்லாவிட்டால் இரும்பு டிரம்மில் அடியில் நீர் விட்டு, மேல் தட்டில் பைகளை அடுக்கி, ஆவி வரத் தொடங்கியதிலிருந்து எட்டு முதல் பத்து மணி நேரம் அவிக்கலாம்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உதகமண்டலத்தின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே டிரம் ஆவி சமவெளி ஆவியைவிடக் குளிர்ந்தது. சமவெளிக்காரர் சொன்ன நேரத்தை அப்படியே பின்பற்றினால் பைகள் கெடும். குக்கரில் அரை மணி கூட்டுங்கள். டிரம்மை நம்புவதானால் தவிட்டைப் பாதியாகக் குறைத்து, நேரத்தைப் பன்னிரண்டு மணிக்கு மேல் நீட்டுங்கள்.

வித்திடுதல்

வித்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், வேளாண் அறிவியல் நிலையங்கள், நம்பகமான வித்துக்கூடங்கள் ஆகியவற்றில் வாங்கலாம். சோள மணிகள் முழுக்க வெண்மையாக, ஒன்றோடொன்று ஒட்டி, காளான் மணத்தோடு இருக்க வேண்டும். புளிப்பு வாடையோ பச்சை, கறுப்புப் புள்ளியோ இருந்தால் விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

பைகள் முழுவதும் ஆறிய பிறகு, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, கையை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் காய்ந்த பிறகே விளக்கை ஏற்றுங்கள். சுடருக்குப் பக்கத்தில் பஞ்சைத் திறந்து, கிலோவுக்கு 30 முதல் 40 கிராம் வித்தைக் கொட்டி, உடனே மூடிக் குலுக்குங்கள்.

என் அனுபவத்தில் ஒரு படி கூடுதலாகச் செய்தால் பலன் தெரிகிறது. சோள வித்திலிருந்து நேராகப் பைக்குப் போகாமல், முதலில் நாலைந்து பாட்டிலில் பைன் தூளிலேயே காளானை ஓடவிட்டு, அந்த வெள்ளை படர்ந்த தூளையே அடுத்த தவணைக்கு வித்தாகப் போடுகிறேன். பைனில் ஏற்கெனவே ஓடிய இழை, புதுப் பையில் தயங்காமல் கிளம்புகிறது.

படர்தலும் மலர்தலும்

வித்திட்ட பைகளை 22 முதல் 26 டிகிரி வெப்பமுள்ள இருட்டறையில் இடைவெளி விட்டு வையுங்கள். வைக்கோல் பதினைந்து, இருபது நாளில் வெளுத்துவிடும். பைன் தூளுக்கு முப்பது முதல் நாற்பது நாள் பொறுக்க வேண்டும். பச்சை படிந்த பையை அறைக்குள் திறக்காமல் அப்படியே வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். ஒரு பையைத் திறந்து ஊதினால் அறை முழுக்க விதைத்ததாகும்.

முழுதும் வெளுத்து, அழுத்தினால் கட்டியாக நிற்கும் பையில் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு இடத்தில் பெருக்கல் குறிபோல் கீறுங்கள். மலரும் அறையில் ஈரப்பதம் 85 முதல் 90 விழுக்காடு, வெப்பம் 20 முதல் 28 டிகிரிக்குள், செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சம். சமவெளியில் ஐப்பசி முதல் மாசி வரை இது எளிது. கோடையில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டும் சமாளிப்பது கடினம். அந்த மாதங்களைக் குவியல் பழுக்கவைக்க ஒதுக்குங்கள்.

கீறிய ஐந்து முதல் எட்டு நாளில் ஊசிமுனை அளவு மொட்டுகள் கூட்டமாக எழும். அன்றிலிருந்து தெளிப்பான் தரைக்கும் சுவருக்கும்தான். மொட்டின் மேல் நேராக நீர் அடித்தால் அழுகும். காம்பு நீண்டு குடை சிறுத்து, எக்காளம்போல் வளர்ந்தால் அறையில் கரியமில வாயு தேங்கிவிட்டது என்று பொருள். சன்னலைத் திறந்துவிடுங்கள், ஈ நுழையாமல் நுண்வலை கட்டாயம்.

குடையின் விளிம்பு இன்னும் கீழ்நோக்கிச் சற்றே சுருண்டிருக்கும்போதே கொத்தோடு திருகி எடுங்கள். விளிம்பு மேலே புரண்டபின் வெண்மையான வித்துப்பொடி கொட்டும். நாள்தோறும் அதைச் சுவாசித்தால் இருமலும் மூச்சிரைப்பும் வரும். அறுவடை அறைக்குள் முகக்கவசம் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளியில் மூன்று அறுவடை எடுக்கலாம். கிலோ எடையுள்ள ஒரு பையிலிருந்து மொத்தம் 150 முதல் 250 கிராம் வந்தால் பைனுக்கு அது நல்ல விளைச்சல். வைக்கோலோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். தூளின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டையில் வளர்க்க

தோட்டத்தில் பைன் சாய்ந்து கிடப்பவர்களுக்கு இது. முதலில் சட்டம்: தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். கொடைக்கானல் பைன் காட்டில் விழுந்து கிடக்கும் கிளையும் வனத்துறையின் சொத்துதான்.

மா, இலவுக் கட்டை என்றால் வெட்டிய சில வாரங்களுக்குள் வித்திட வேண்டும். பைன் கட்டைக்கு மூன்று முதல் ஆறு மாதம் பிசின் வடிய நேரம் கொடுக்க வேண்டும். சீனத்தில் ஃபூலிங் வளர்ப்பவர்களின் முறையை நான் இங்கே கடன் வாங்குகிறேன். கட்டையின் பட்டையை நீளவாக்கில் ஒரு கீற்று சீவி, அடுத்த கீற்றை விட்டு, அதற்கடுத்ததைச் சீவி, வரிவரியாக்கி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்குகிறார்கள். சீவிய இடங்களில் பிசின் முத்துமுத்தாகத் திரண்டு வெளியேறும். வெட்டு முகத்தில் வெடிப்பு விழுந்து, தட்டினால் கணீரென்று ஒலிக்கும்போது கட்டை ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் காளானுக்கு ஈரம் கூடுதலாக வேண்டும்; எனவே ஆறிய கட்டையை இரண்டு நாள் நீரில் ஊறவைத்து வடியவிடுங்கள்.

ஓரடி நீளத் துண்டுகளாக அறுத்து, இரண்டு துண்டுகளுக்கு நடுவே இரண்டு விரல் கனத்துக்கு மரத்தூள் வித்தைப் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, ஈரச் சாக்கும் அதன்மேல் துளையிட்ட பாலிதீனும் சுற்றி, மர நிழலில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து உறையை எடுத்தால் இணைப்பில் வெள்ளை வளையம் தெரியும். முதல் காளான் ஆறு மாதத்திலும் வரலாம், அடுத்த மழைக்காலத்திலும் வரலாம். வெயில் காயும் சமவெளியில் இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெட்டவெளிக் கட்டையில் நாம் விதைத்தது மட்டுமே முளைக்கும் என்று உறுதி கிடையாது. இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டும். ஊசியிலைக் கட்டைகளில் தானே முளைக்கும் கலேரினா என்ற சிறு பழுப்புக் காளான் கல்லீரலை அழிக்கும் நஞ்சு கொண்டது. சிப்பிக்காளானுக்கு இன்னும் நெருங்கிய சாயல் உள்ளது, ஜப்பானியர் சுகிஹிராதாகே என்று அழைக்கும் வெள்ளைக் காளான். ஊசியிலைக் கட்டையில் மெல்லிய வெள்ளைச் சிறகுகளாக, காம்பே இல்லாதது போல் முளைக்கும். ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாக உண்டுவந்ததுதான். 2004ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அதை உண்ட 17 பேர் மூளை பாதித்து இறந்தனர். அவர்களில் பலர் ஏற்கெனவே சிறுநீரக நோயாளிகள்.

ஆகவே கட்டையில் முளைத்ததைக் கூடையில் போடுமுன் ஒவ்வொரு கொத்தையும் பாருங்கள். வித்து வைத்த இணைப்பிலிருந்தோ அதை ஒட்டியோ வந்திருக்க வேண்டும். குடை சதைப்பற்றோடு, சாம்பல் அல்லது வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். அடியிலுள்ள செதில் வரிகள் காம்பின் மேல் இறங்கி ஓட வேண்டும். குடையைக் கறுப்புத் தாளின் மேல் இரவு கவிழ்த்து வைத்தால் விழும் பொடி வெண்மையாகவோ இளஞ்சாம்பலாகவோ இருக்க வேண்டும். துருப்பிடித்த பழுப்பு விழுந்தால் அது கலேரினா பக்கம். காகிதம்போல் மெல்லிய, தூய வெள்ளைக் காளான் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். சிறிது ஐயம் வந்தாலும் அந்தக் கொத்தைக் குழியில் போட்டு மூடிவிடுங்கள். அடுத்த மழைக்கு வேறு கொத்து வரும்.